ஆறு பேர், முப்பது அட்டைகள்: கையால் செய்த குட்டி ஓவியங்களை மாற்றிக்கொள்வது எப்படி?

கேள்வி இதுதான்: ஆறு நண்பர்கள். மூன்று பேர் ஒரே ஊரில், மற்ற மூவர் ஆளுக்கொரு ஊரில். கையால் செய்த சின்ன ஓவிய அட்டைகளை, அதாவது ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டுகளை, தங்களுக்குள் மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். என்ன அளவு, என்ன தாள், ஆளுக்கு எத்தனை, எப்படிப் பரிமாறுவது? அதோடு, "எங்களில் ஒருத்திக்கு வரையவே வராது. அவள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடாமல் எப்படிச் சேர்த்துக்கொள்வது?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோமோ அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் அமையும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். முதல் சுற்றில் யாரும் யாருடைய அட்டையையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒவ்வொருவரும் ஐந்து அட்டை செய்யுங்கள். மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒன்று போகட்டும். மொத்தம் முப்பது அட்டைகள். முடிவில் எல்லோரிடமும் மற்ற எல்லோருடைய கைவேலையும் ஒன்று இருக்கும். மேசையில் பரப்பி வைத்து அவரவர்க்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும் முறையும் உண்டு, பெரிய கூட்டங்களில் அது கலகலப்பாக இருக்கும். ஆனால் ஆறு பேர் மட்டும் இருக்கும் இடத்தில் ஒருவருடைய அட்டைகள் மட்டும் கடைசிவரை மேசையிலேயே கிடந்தால், அவர் அடுத்த தடவை வரமாட்டார். நான் கலந்துகொண்ட ஒரு சந்திப்பில் அப்படி நடந்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் தன் அட்டைகளைப் பைக்குள் எடுத்து வைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நாங்கள் கொஞ்சம் யோசித்து ஏற்பாடு செய்திருக்கலாம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் விதிகள் தானாகப் புரியும். 1997இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் எம். வான்சி ஷ்டிர்னெமான் என்ற ஓவியர் தன் கையாலேயே 1,200 அட்டைகள் செய்து, தான் நடத்திவந்த பழைய புத்தகக் கடையில் காட்சிக்கு வைத்தார். கண்காட்சியின் கடைசி நாளில், அதே அளவில் தாங்களே செய்த அட்டையைக் கொண்டுவருபவர்கள் அவருடன் மாற்றிக்கொள்ளலாம் என்று அழைத்தார். ஓவியரோ இல்லையோ, யார் வேண்டுமானாலும் வரலாம். அங்கே வந்திருந்த கனடா நாட்டு ஓவியர் டான் மேபி, அதே ஆண்டில் தன் ஊரான கால்கரியில் இதேபோன்ற சந்திப்புகளைத் தொடங்கினார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

நண்பர்கள் சின்ன அட்டைகளை மாற்றிக்கொண்டு சேர்த்து வைப்பது அதற்கும் முந்தைய பழக்கம்தான். 1854இல் பாரிஸில் டிஸ்தேரி என்ற புகைப்படக்காரர் காப்புரிமை பெற்ற விசிட்டிங் கார்டு அளவுப் படங்களை மக்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து, ஆல்பங்களில் சேர்த்தார்கள். ஏறத்தாழ 64 × 100 மி.மீ. அட்டையில் ஒட்டிய படங்கள் அவை. நம் அட்டையின் அகலமும் கிட்டத்தட்ட அதேதான் என்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம். கையில் பிடிக்கவும் கொடுக்கவும் வாகான அளவு அது.

சரி, விதிகளுக்கு வருவோம். உண்மையில் இரண்டுதான். முதலாவது அளவு: இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம், அதாவது 64 × 89 மி.மீ. விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டுகளும் போக்கர் சீட்டுகளும் இதே அளவுதான். அதனால் அவற்றுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் உறைகளும், ஒன்பது பை வைத்த ஆல்பம் தாள்களும் நமக்கு அப்படியே பொருந்தும். நிமிர்த்தியும் வைக்கலாம், படுக்கையாகவும் வைக்கலாம். அளவு மட்டும் மாறக்கூடாது. இரண்டாவது விதி: விற்கக்கூடாது, மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். இதே அளவில் விற்பனைக்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அட்டைகளுக்கு ஏ.சி.இ.ஓ. என்று தனிப் பெயரே உண்டு. அதில் தவறில்லை, ஆனால் அது வேறு காரியம். விலை என்று ஒன்று வந்துவிட்டால் "இது அதைவிட உசத்தியா?" என்ற கணக்கும் கூடவே வந்துவிடும். அட்டைக்கு அட்டை என்று இருக்கும்வரை உங்கள் தோழியின் அட்டையும் உங்களில் நன்றாக வரைபவரின் அட்டையும் சமம்.

இப்போது அந்தத் தோழி. அவளை வரையச் சொல்லவே வேண்டாம். இந்த அட்டைகளில் ஓவியம் என்பது பல வழிகளில் ஒன்றுதான். வெட்டி ஒட்டலாம், தைக்கலாம், அச்சுப் பதிக்கலாம், எழுத்துகளால் மட்டும் நிரப்பலாம். நான் புதியவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது ஒரு ஜன்னல். ஒரு கெட்டி அட்டையின் நடுவில் சரியாக 64 × 89 மி.மீ. அளவுக்கு ஓட்டை வெட்டிக்கொள்ளுங்கள். அந்த ஜன்னலை ஒரு பழைய பத்திரிகைப் பக்கத்தின் மேல், கிழிந்த வரைபடத்தின் மேல், கைவிட்ட ஓவியத்தின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். முழுப் பக்கமாகப் பார்க்கும்போது கண்ணில் படாத ஒன்று, ஏதோ ஓர் இடத்தில் ஜன்னலுக்குள் வந்து உட்காரும்: ஒரு தோள்பட்டையின் வளைவு, பாதி எழுத்து, நிழல் விழுந்த சுவர். அங்கே பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு வெட்டுங்கள். வரையத் தெரியாது என்றவர் ஐந்து நிமிடத்தில் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவார். அதுவே பாதி வேலை.

அடுத்தது முழுத்தாள் முறை. ஏ4 அளவில் கெட்டியான தாள் ஒன்றை எடுத்து, அட்டைகளைப் பற்றி நினைக்காமல் முழுவதும் வண்ணம் பூசச் சொல்லுங்கள். தண்ணீர் தெளிக்கட்டும், பழைய டூத்பிரஷ்ஷால் வண்ணம் சிதறவிடட்டும், இலையில் வண்ணம் தடவி அழுத்தட்டும், நூலைச் சாயத்தில் நனைத்து இழுக்கட்டும். காய்ந்ததும் வெட்டுங்கள். 210 × 297 மி.மீ. தாளில் குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என ஒன்பது அட்டைகள் வரும். அகலத்தில் 18 மி.மீ., நீளத்தில் 30 மி.மீ. மிஞ்சும். ஐந்து மாற்றிக்கொள்ள, ஒன்று தனக்கு, மூன்று கெட்டுப்போனால் பயமில்லை. வெட்டிய பிறகு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொருள் சேர்த்தால் போதும்: ஒரு கறுப்புக் காகிதப் பறவை, இரண்டு சொற்கள், குறுக்கே ஒரு சிவப்புத் தையல். பின்னணி ஒரே தாளிலிருந்து வந்ததால் ஐந்தும் ஒரே குடும்பம் போல இருக்கும், ஆனால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. வெள்ளைத் தாளைப் பார்த்து உறைந்துபோகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நன்றாக வரைபவர்களும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன், அவர்களுக்கும் கை கொஞ்சம் தளரும்.

தாளைப் பற்றிச் சில வார்த்தைகள். தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது. பிரிண்டரில் போடும் 80 ஜி.எஸ்.எம். தாள் கூடாது, உறைக்குள் துவண்டுவிடும். பென்சில், பேனா வேலைக்கு 200 ஜி.எஸ்.எம். போதும். தண்ணீர் படுகிற எதற்கும் 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாள் வாங்குங்கள். பேனாவால் நுணுக்கமாக வரைபவர்கள் வழுவழுப்பான ஹாட் பிரஸ் தாளையும், வண்ணம் படர்வதை விரும்புபவர்கள் சொரசொரப்பான கோல்ட் பிரஸ் தாளையும் எடுக்கலாம். வெட்டும்போது இரும்பு ஸ்கேலும் புது பிளேடும் வேண்டும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் லேசாக மூன்று நான்கு முறை இழுங்கள், ஓரம் சுத்தமாக வரும். அளவில் அரை மி.மீ. குறைந்தால் பரவாயில்லை. கூடினால் உறைக்குள் நுழையாது, நுழைத்தால் மூலை மடங்கும்.

ஒட்டும் வேலையில் எல்லோருக்கும் வரும் தொல்லை அட்டை வளைவதுதான். காரணம் எளிது. ஈரமான பசை பட்டதும் காகிதம் விரியும், காயும்போது சுருங்கும், சுருங்கும்போது அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இரண்டு பரிகாரம் உண்டு. ஈரம் குறைந்த குச்சிப் பசையைப் பயன்படுத்துவது ஒன்று. முன்பக்கம் ஒட்டிய அதே அளவு காகிதத்தைப் பின்பக்கமும் ஒட்டுவது இன்னொன்று. இரண்டு பக்கமும் சமமாக இழுப்பதால் அட்டை நேராக நிற்கும். எப்படியானாலும் ஒட்டி முடித்ததும் மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு விடுங்கள். பொத்தான், ஓடு, தடித்த மணி போன்றவற்றை முதல் சுற்றில் தவிர்த்துவிடுங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் உறைக்குள் போகாது, தபாலில் பக்கத்து அட்டையைக் கீறிவிடும். மினுமினுப்புத் தூளும் அப்படித்தான், அது எல்லோருடைய அட்டையிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நம் அட்டை இன்னொருவர் வீட்டில் பல வருடம் இருக்கப்போகிறது. சாதாரண ஸ்கெட்ச் பேனாக்களில் இருப்பது பெரும்பாலும் சாயம். வெளிச்சத்தில் வெளுத்துவிடும், தண்ணீர் பட்டால் கரையும். பிக்மென்ட் மை என்று போட்ட பேனாக்கள் அப்படி ஆகாது. சந்தேகம் இருந்தால் துண்டுத் தாளில் கோடு போட்டு, காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். பென்சில், சாக் பேஸ்டல் வேலைக்கு மேலே ஃபிக்சட்டிவ், அதாவது தூளைத் தாளோடு பிடித்துவைக்கும் திரவம், தெளித்தால் எளிதில் அழியாது. அக்ரிலிக் வண்ணம் காய்ந்த பிறகும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது, அதனால் நன்றாக உலரவிட்ட பின்னும் உறைக்குள் ஒரு துண்டு பட்டர் பேப்பர் சேர்த்து வைப்பது என் வழக்கம். உறை வாங்கும்போது பாலிபுரோப்பிலீன் உறைதானா என்று பாருங்கள். பி.வி.சி. உறைகளில் இருக்கும் மிருதுவாக்கிகள் நாளாக ஆகக் கசிந்து மையைக் கெடுக்கும்.

பின்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அட்டையின் பெயர், உங்கள் பெயர், தேதி, கையெழுத்து இவை கட்டாயம். இது ஒன்றே ஒன்றுதான் என்றால் 1/1 என்று எழுதுவார்கள். ரப்பரில் செதுக்கிய அச்சால் ஐந்து பிரதிகள் எடுத்தால் அது எடிஷன். மூன்றாவது பிரதியில் 3/5 என்று போட வேண்டும், ஆறாவது எடுக்கக்கூடாது. ஒரே கருவில் ஐந்து வெவ்வேறு அட்டைகள் செய்தால் அது சீரிஸ், அதிலும் எண் போடலாம். முடிந்தால் பின்பக்கத்தை முதலிலேயே எழுதிவிடுங்கள். முன்பக்கம் முடிந்த பிறகு பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் முன்பக்கம் தெரியும். ஒருமுறை நான்கு மணி நேரம் வரைந்த ஒரு வானத்தின் நடுவில் என் கையெழுத்தே புடைத்துக்கொண்டு நின்றது!

கரு வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குறுகலான கருவாக. "இயற்கை" என்றால் எங்கே தொடங்குவது என்று யாருக்கும் தெரியாது. "சாவி", "பாதி திறந்த கதவு", "மழை நின்ற பிறகு" மாதிரி ஏதாவது சொன்னால் உடனே ஆறு பேருக்கும் ஆறு விதமாகத் தோன்றும். ஒரு வண்ணத்தையும் கட்டாயமாக்கலாம், எல்லா அட்டையிலும் எங்காவது ஒரு துளி மஞ்சள் என்பது போல. ஒன்றாக அடுக்கும்போது அந்த மஞ்சள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவதைப் பார்க்க வேண்டும். காலக்கெடு நான்கு வாரம் போதும். மூன்று மாதம் கொடுத்தால் இரண்டே முக்கால் மாதம் யாரும் தொடமாட்டார்கள்.

இனி பரிமாற்றம். ஆளாளுக்கு நேரடியாக அனுப்பிக்கொண்டால், ஒரே ஊர்க்காரர்கள் மூவரும் கைமாற்றாகக் கொடுத்தாலும்கூட, மொத்தம் 24 தபால் ஆகும். அதனால் ஊரில் இருக்கும் மூவரில் ஒருவர் பொறுப்பாளராக இருக்கட்டும். வெளியூர்க்காரர்கள் தங்கள் ஐந்து அட்டைகளையும் அவருக்கு ஒரே உறையில் அனுப்ப வேண்டும், திரும்பி வருவதற்கான உறையும் தபால் செலவும் சேர்த்து. எல்லாம் வந்ததும் அவர் பிரித்து அடுக்கி, மூன்று உறைகளைத் திருப்பி அனுப்புவார். ஆறே தபாலில் வேலை முடியும். தேதி தாண்டினால் ஒரு வாரம் பொறுக்கலாம், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். வந்தவற்றைப் பகிர்ந்துவிட்டு, தாமதித்தவருடையதைப் பிறகு அனுப்பலாம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் யார் மனமும் நோகாது. பிரிப்பதற்கு முன் முப்பது அட்டைகளையும் தரையில் பரப்பி ஒரு புகைப்படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். முப்பதும் ஒன்றாக இருப்பது அந்த ஒரு நேரம் மட்டும்தான்.

உறையில் வைக்கும் விதம்: ஒவ்வொரு அட்டையும் தன் பிளாஸ்டிக் உறையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, எளிதில் உரியும் மாஸ்கிங் டேப்பால் கெட்டி அட்டைகளை மட்டும் ஒட்டுங்கள். பிளாஸ்டிக் உறையின் வாயில் டேப் ஒட்டவே கூடாது. வெளியே எடுக்கும்போது அட்டை அதில் ஒட்டிக் கிழிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். ஈரம் புகாத பை ஒன்றில் போட்டு, அதன் பிறகு தபால் உறை.

கொடுக்கும் நாள் நெருங்கும்போது உங்களுக்கு ஒரு தயக்கம் வரும். ஐந்தில் ஒன்று மிக நன்றாக அமைந்துவிட்டிருக்கும், அதை வைத்துக்கொண்டு வேறொன்று செய்து அனுப்பலாமா என்று கை துறுதுறுக்கும். எனக்கும் வந்திருக்கிறது. ஒரு தடவை அப்படி வைத்தும் கொண்டேன். அதற்குப் பதிலாக அவசரமாகச் செய்து அனுப்பிய அட்டை போய்ச் சேர்ந்ததும், அந்த நண்பர் அதன் நடுவில் இருந்த சின்னப் படகைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது, நல்லதை அல்லவா அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இப்போது பிடித்ததைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன், அட்டையைக் கொடுத்துவிடுகிறேன். வாங்கியவர்களும் ஒரு வரியாவது பதில் எழுதுங்கள். "அழகு" என்று மட்டும் எழுதாமல் அந்த அட்டையில் எதைக் கவனித்தீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் தோழிக்கு அந்த ஐந்து வரிகள்தான் அடுத்த சுற்றுக்கான தைரியம்.

அடுத்த சுற்றை மூன்று கைகள் சேர்ந்து செய்யும் அட்டைகளாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். நியூயார்க் ஓவியர் ரே ஜான்சன் தபாலில் வரைந்து அனுப்பும் தாள்களில், ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள் என்று குறிப்பு எழுதுவார். அஞ்சல் கலை என்று பின்னால் வளர்ந்த பெரிய மரபுக்கு அவரைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். அதே யோசனைதான். மூன்று மூன்று பேராகப் பிரிந்துகொள்ளுங்கள், ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் கலந்து. ஒவ்வொருவரும் பின்னணி மட்டும் போட்ட அட்டை ஒன்றை அடுத்தவருக்கு அனுப்ப, அவர் ஒரு உருவத்தைச் சேர்க்க, மூன்றாமவர் முடிக்க வேண்டும். முந்தையவர் செய்ததை முழுதாக மறைக்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனை போதும். உங்கள் தோழி இதற்குள் நல்ல பின்னணிகள் செய்யப் பழகியிருப்பாள், அவளுடைய தாளின் மேல் வரைய உங்களில் சிலர் போட்டி போட்டால் ஆச்சரியமில்லை. ஒரு குழுவில் மூன்று அட்டைகள் சுற்றுவதால் கடைசியில் ஆளுக்கு ஒன்று மிஞ்சும். பின்பக்கத்தில் மூன்று பெயர்களையும், யார் எதைச் சேர்த்தார்கள் என்பதையும், அட்டை கடந்துபோன ஊர்களையும் வரிசையாக எழுதிவிடுங்கள். இடம் போதாது, அதனால் முதல் ஆளே எழுத்தைச் சின்னதாகத் தொடங்க வேண்டும்.